காதால் கற்ற ஆங்கிலம்

எங்கள் ஆங்கில வகுப்பில் புத்தகம் திறப்பதற்கு முன்பே ஒலிநாடா ஓடத் தொடங்கிவிடும். ஆசிரியர் முதலில் வெறுமனே கேட்கவிடுவார். மறுபடி ஓடும்போது காதில் விழுந்த சொற்களைக் கொப்பியில் குறித்துக்கொள்வோம். அதன்பிறகுதான் அச்சிட்ட தாள் கைக்கு வரும். எந்த இடத்தில் காது தவறியது என்பதை நாங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும்; அதில் அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை. அந்தக் கண்டிப்புக்கு நான் இன்றும் நன்றியுடையவன்.

மாலையில் சிற்றலை வானொலி கேட்கும்படி சொன்னவரும் அவரே. அமெரிக்க அரசின் 'அமெரிக்காவின் குரல்' வானொலி 1959இல் தொடங்கிய 'ஸ்பெஷல் இங்கிலிஷ்' ஒலிபரப்பு எங்களுக்கு இன்னொரு வகுப்பறை. சுமார் 1500 அடிப்படைச் சொற்கள், சின்னச் சின்ன வாக்கியங்கள், வழக்கமான செய்தி வாசிப்பைவிட நன்றாகக் குறைந்த வேகம். இலக்கணம் எதுவும் நடத்தமாட்டார்கள். விண்வெளி, மருத்துவம், வேளாண்மை, வரலாறு என்று பேசிக்கொண்டே போவார்கள். அறிவியல் பாடத்தில் தமிழில் படித்த விஷயம் அங்கே ஆங்கிலத்தில் வரும்போது, தெரியாத சொல்லின் பொருள் தானாகவே பிடிபடும். தெரியாத விஷயம் வந்தால் மறுநாள் நூலகத்தில் தேடுவோம். ஆங்கிலத்துக்காக உட்கார்ந்த எங்களுக்கு உலக அறிவும் சேர்ந்தே வந்தது இப்படித்தான். நம் நிலைக்குச் சற்று மேலே இருந்தாலும் புரியக்கூடிய மொழியைக் கேட்டுக் கேட்டே மொழி வருகிறது என்று ஸ்டீபன் கிராஷன் என்ற மொழியியலாளர் வாதிட்டதைப் பல ஆண்டுகள் கழித்துப் படித்தேன். அவர் கருத்தை ஆய்வாளர்கள் எல்லாரும் அப்படியே ஏற்பதில்லை. எங்கள் வகுப்பில் அது கண்கூடு.

பிபிசி உலக சேவை வேறு ரகம். அங்கே யாரும் நமக்காக மெதுவாகப் பேசுவதில்லை. எழுத்தில் தனித்தனியாக நிற்கும் சொற்கள் பேச்சில் ஒட்டிக்கொள்ளும். 'ஆஃப்', 'டு', 'ஃபார்' போன்ற சிறு சொற்கள் தேய்ந்து, இருக்கிற இடமே தெரியாமல் போகும். அழுத்தம் விழும் அசையை உயர்த்திப் பிடித்து மற்றவற்றை விழுங்கிச் செல்லும் இந்த நடை நம் காதுக்குப் பழக நாளாகும். வெளிநாட்டுக்கு வந்த புதிதில் தொலைபேசியில் பேசியவர்களைப் புரிந்துகொள்ள எனக்குக் கைகொடுத்தது இலக்கணப் புத்தகத்தைவிட இந்தப் பழக்கம்தான்.

இன்றைய பிள்ளைகளுக்குக் கிடைப்பவற்றைப் பார்த்தால் மனம் நிறைகிறது. பிபிசியின் '6 மினிட் இங்கிலிஷ்' உரையாடல்கள் எழுத்து வடிவத்தோடு கிடைக்கின்றன. பல துறையினர் மேடையில் பேசும் டெட் உரைகள் 2006 முதல் இணையத்தில் இலவசம். பெரும்பாலானவை 18 நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். கான் அகாதமி என்ற இலவசக் கல்வித் தளத்தில் கணிதமும் அறிவியலும் படிக்கலாம். 2005இல் தொடங்கிய லிப்ரிவாக்ஸ் என்ற ஒலிநூல் தளத்தில், பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்து வைத்திருக்கிறார்கள். வாசிப்பின் தரம் ஆளுக்கு ஆள் மாறும். நல்ல குரலாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

காணொளியில் ஒரு சிக்கல் உண்டு. திரையின் கீழே தமிழ் வசனவரி ஓடினால் கண் அதைப் படித்துவிடும், காது வேலை செய்யாது. முதலில் வசனவரி இல்லாமல் பார்க்கட்டும். அடுத்து ஆங்கில வசனவரியோடு பார்க்கட்டும். வேகத்தை 0.75க்குக் குறைப்பதில் தவறில்லை. அதற்கும் கீழே போனால் ஒலி இழுபட்டு இயல்பு கெடும். பிறகு பேசுபவரின் பின்னாலேயே அதே ஏற்ற இறக்கத்தில் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது உச்சரிப்புக்கு மிகவும் உதவும். ஐந்து நிமிடத் துண்டு ஒன்றை வாரம் முழுவதும் இப்படிக் கேட்பவர், நாள்தோறும் புதிது புதிதாய்ப் பார்த்துத் தள்ளுபவரைவிட வேகமாக முன்னேறுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நம் பழைய மாணவர் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். இணைய இணைப்பு சரியாக இல்லாத மாணவர்களுக்காக, கேட்பதற்கான தொகுப்பு ஒன்றை நினைவட்டைகளில் பதிந்து நம் பள்ளிக்குக் கொடுக்கலாம். இணையத்தில் இலவசமாகக் கேட்கக் கிடைப்பதையெல்லாம் படியெடுத்துவிட முடியாது. ஒவ்வொன்றின் உரிமையையும் பார்க்க வேண்டும். லிப்ரிவாக்ஸ் பதிவுகளை யாரும் பயன்படுத்தும்படி, உரிமை எதுவும் கோராமல் வெளியிடுகிறார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகத் தரும் திறந்த பாடங்களையும் வணிக நோக்கமின்றிப் பகிரலாம். தொகுக்கும் வேலையை நான் ஏற்கிறேன். அறிவியல், வரலாறு படித்த நம் உறுப்பினர்கள் வகுப்பு வாரியாகத் தலைப்புகளைத் தெரிவுசெய்து தந்தால், அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போது கொடுத்துவிடலாம்.