பிரெஞ்சு டிஃபென்ஸ்: டி4-ஐ எண்ணப் பழகிய இரண்டு மாதம்

இரண்டு மாதமாகச் சதுரங்கத்தில் எனக்குக் கறுப்புக் காய் வந்தால், பிரெஞ்சு டிஃபென்ஸ் என்ற தொடக்க முறை மட்டும்தான். வெள்ளை இ4 வைத்தால் நான் இ6, டி4 வைத்தால் டி5 (எழுத்தும் எண்ணும் கட்டத்தின் பெயர்; காயைச் சொல்லாவிட்டால் அது சிப்பாய்). 1834-இல் லண்டனும் பாரிசும் கடிதம் வழியே ஆடத் தொடங்கிய போட்டியில் பாரிஸ்காரர்கள் ஆடியதால் வந்த பெயர். என்னோடு ஆடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மூன்றாவதாக இ5 தள்ளிவிடுவார்கள். அதனால் அட்வான்ஸ் வேரியேஷன் எனப்படும் அந்தக் கிளையைத்தான் முதலில் எடுத்தேன்.

ஆரம்பத்தில் எல்லாம் மனப்பாடம். சி5, குதிரை சி6, ராணி பி6 என்று கை தானாகப் போகும். அப்புறம் என்ன செய்வதென்று தெரியாது. ராஜா பக்கம் மூச்சுவிட இடமில்லை. சி8 பிஷப் இ6 சிப்பாய்க்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கும்.

கூட ஆடும் அண்ணன் ஒருநாள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, “இ5-ஐ எது தாங்குது?” என்றார். டி4 என்றேன். “அப்போ டி4-ஐ எத்தனை காய் அடிக்குது, எத்தனை காய் காக்குதுன்னு ஒவ்வொரு தடவையும் எண்ணுப்பா.” அன்றைக்குத்தான் விளங்கியது. சி5 சிப்பாய், சி6 குதிரை, பி6 ராணி, இ7 வழியாக எஃப்5-க்கு வரும் இன்னொரு குதிரை, நாலும் டி4-ஐத்தான் பார்க்கின்றன. ராணியின் கண் பி2 மேலும் இருப்பதால் வெள்ளையின் சி1 பிஷப் லேசில் வெளியே வர முடியாது.

எண்ணத் தொடங்கிய வாரமே ராணியை இழந்தேன். வெள்ளை ஆறாவதாக பிஷப்பை டி3-இல் வைத்தார். டி4-இல் சிப்பாய்களை வெட்டிக்கொண்டோம். அடிக்க எனக்கு இரண்டு காய், காக்க அவருக்கு ஒரு குதிரை. குதிரையால் வெட்டினேன், அவரும் வெட்டினார், ராணியால் திரும்ப வெட்டினேன். பிஷப் பி5-க்குத் தாவிச் செக்! டி வரிசை திறந்துகொள்ள, அவருடைய டி1 ராணிக்கு நேரெதிரே என் ராணி. பிஷப்புக்குப் பின்னால் நின்ற அந்த ராணியை நான் எண்ணவே இல்லை. இப்போதெல்லாம் ஏழாவதாக பிஷப்பை டி7-இல் வைத்துவிடுகிறேன். பி5 செக்குக்கு வேலையில்லை, டி4 மேல் மிரட்டலும் நிஜமாகிறது.

அந்த டி7 பிஷப்பைத்தான் இப்போது ரசிக்கிறேன். போன ஞாயிறு குதிரையை ஏ5-க்கு விலக்கி வழிவிட்டேன். பிஷப் பி5-க்கு வந்து வெள்ளையின் இ2 பிஷப்போடு மாறிக்கொண்டது. என் மோசமான காய் போய், அவருடைய நல்ல காயும் போனது. வெள்ளையின் காய்களெல்லாம் டி4-ஐக் கட்டிக் காத்து நிற்கும்போது எஃப்6 தள்ளினேன். இ5 உடைந்து எஃப் வரிசை என் யானைக்குத் திறந்தது.

கோட்டை கட்டுவதில், அதாவது ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் இடம் மாற்றி ராஜாவை ஓரமாக ஒதுக்குவதில், மட்டும் அவசரப்படுவதில்லை. ஹெச்7-இல் பிஷப்பைப் பலி கொடுத்து என்னை இரண்டு முறை முடித்திருக்கிறார்கள். எஃப்5-க்குக் குதிரை வந்துவிட்டால் டி3-இலிருந்து வரும் அந்தக் கோடு அடைபடும், அதற்கப்புறம்தான் கட்டுகிறேன்.

கிழக்கு ஜெர்மனியின் கிராண்ட்மாஸ்டர் வொல்ஃப்காங் ஊல்மன் இ4-க்கு எதிராக வாழ்நாள் முழுக்க ஏறக்குறைய இது ஒன்றையே ஆடியவர். தினம் இரவு அவருடைய ஆட்டம் ஒன்றைப் பலகையில் வைத்துப் பார்க்கிறேன்.

இன்னும் பிடிபடாதது மில்னர்-பேரி கேம்பிட், அதாவது சிப்பாயைப் பலி கொடுத்துத் தாக்கும் ஒரு வழி. வெள்ளை டி4-ஐ மனமறிந்து விட்டுக்கொடுத்து, குதிரையை சி3-க்குக் கொண்டுவருவார். இ5-ஐயும் வெட்டினால் யானை இ1, அடுத்துக் குதிரை பி5 என்று துரத்தல் தொடங்கிவிடும். இந்த வாரம் வெட்டாமல் ஏ6 வைத்துப் பார்க்கிறேன். மூன்று ஆட்டத்தில் ஒன்று டிரா, இரண்டு தோல்வி.