மூன்றாம் முறையில் நிலைத்த மொட்டு: மண்டபம் ஊரில் ஃபுனேரியா பாசி வளர்ப்பு

நேற்றுக் காலை எட்டாம் தட்டை உருப்பெருக்கியின் கீழ் வைத்தபோது, காலோனீமா என்னும், மொட்டு விடும் இழையின் பக்கத்தில் ஒரு வாரமாக உருண்டையாகவே இருந்த மொட்டிலிருந்து முதல் இலை வெளியே வந்திருந்தது. கொடைக்கானலில் ஒரு சாலையோரச் சுவரிலிருந்து ஃபுனேரியா ஹைக்ரோமெட்ரிகா என்னும் மாஸ் வகைப் பாசியின் வித்துறைகளை எடுத்து வந்து பத்து மாதங்கள் ஆகின்றன. வித்து முளைத்ததும் பச்சை இழைகள் படர்ந்ததும் எளிதாகவே நடந்தன. இழையைச் செடியாக மாற்றும் அந்த ஒரு படியில்தான் இருமுறை தோற்றேன்.

முதல் தோல்விக்கு என் கணக்கே காரணம். மொட்டைத் தூண்டும் சைட்டோகைனின் வகை ஹார்மோனான பென்சைல் அடினின் 22.5 மில்லிகிராமை, நீர்த்த காஸ்டிக் சோடாவின் சில துளிகளில் கரைத்து, 100 மில்லிலிட்டராக்கி, அதிலிருந்து 1 மில்லிலிட்டரை ஒரு லிட்டர் வளர்ப்பு ஊடகத்தில் சேர்த்தால் 1 மைக்ரோமோலார் செறிவு கிடைக்கும். நான் பதற்றத்தில் 10 மில்லிலிட்டரை ஊற்றிவிட்டேன். மொட்டுகள் நூற்றுக்கணக்கில் வந்தன. ஆனால் ஒன்றுகூட இலை விடாமல், பச்சை மருக்களைப் போல வீங்கி நின்றன. அதற்கு முன் இளநீரையும் முயன்றிருக்கிறேன். அதில் சைட்டோகைனின் இருப்பது உண்மைதான். ஆனால் கூடவே சர்க்கரையும் இருப்பதால், மூன்றாம் நாளே தட்டு முழுவதும் பூஞ்சணமாயிற்று.

இரண்டாம் தோல்வி இன்னும் சுவையானது. அளவைச் சரியாக வைத்து, மொட்டுகள் தலைகாட்டியவுடன், அதாவது இரண்டாம் நாளிலேயே, ஹார்மோன் இல்லாத ஊடகத்துக்கு இழைகளை மாற்றினேன். மொட்டுகள் செடியாகவில்லை, அவற்றின் நுனிகளிலிருந்து மறுபடியும் இழைகளே நீண்டன. பிராண்டஸ், கெண்டே என்னும் இருவர் 1968இல் இதே ஃபுனேரியாவில் இதைக் காட்டியிருக்கிறார்கள். மொட்டைத் தொடங்கிவைத்தால் மட்டும் போதாது. அதன் போக்கு உறுதிப்படும் வரையிலும் சைட்டோகைனின் உடன் இருக்க வேண்டும், முன்னதாகக் கழுவிவிட்டால் மொட்டு இழையாகவே திரும்பிவிடும். அந்தக் கட்டுரையைப் படித்திருந்தும் அவசரப்பட்டேன் என்பதுதான் வெட்கக்கேடு.

மூன்றாம் முறையில் ஆறு நாட்கள் விட்டுவைத்து மாற்றினேன். மாற்றுவது என்றால் இழைகளைக் கிள்ளி எடுப்பது அன்று. ஊடகத்தைக் கெட்டியாக்கும் அகாரின் மேல் செல்லோபேன் தாளை விரித்து, அதன்மேல் வளர்த்து, தாளோடு தூக்கி அடுத்த தட்டில் வைப்பது. இந்தத் தாள் படுத்திய பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். பரிசுப்பொருள் கடைகளில் செல்லோபேன் என்று விற்பதில் பெரும்பகுதி வெறும் பிளாஸ்டிக். அது நீரையும் விடாது, ஹார்மோனையும் விடாது. என் முதல் நான்கு தட்டுகளில் கீழே ஊடகம் ஈரமாக இருக்க, மேலே இழைகள் காய்ந்தே போயின. இப்போது ஒரு மூலையை வெட்டித் தீயில் காட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறேன். உண்மையான செல்லோபேன் காகிதம்போல எரிந்து சாம்பலாகும், பிளாஸ்டிக் உருகிச் சொட்டும். நனைத்தாலும் தெரிந்துவிடும், உண்மையானது தளர்ந்து நெளியும். வட்டமாக வெட்டி, வெந்நீரில் கொதிக்கவைத்து, ஈரத்தோடே குக்கரில் இருபது நிமிடம் வைத்தால் போதும். காய்ந்த தாளைக் குக்கரில் வைத்தால் சுருண்டுகொண்டு, பிறகு எதற்கும் மசியாது.

அகாரைப் பொறுத்தவரை நம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு பெருமை உண்டு. மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டி மூழ்கி நம் பெண்கள் எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசிதான் அகாருக்கு மூலப்பொருள். ஆயினும் என் கைக்கு அது வெளியூரிலிருந்து, பொட்டலமாகி, நாலு மடங்கு விலையில்தான் வருகிறது. நான் வீட்டில் பாசி வளர்க்கிறேன் என்று கேள்விப்பட்ட பக்கத்து வீட்டு அக்கா, “கிலோ என்ன வெலைக்குப் போகுது தம்பி?” என்று கேட்டார். என் பத்து மாத விளைச்சல் ஒரு கிராம்கூடத் தேறாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தண்ணீருக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் பிடித்து வைத்ததைத்தான் நம்பியிருக்கிறேன். ஒருமுறை கிணற்று நீரில் ஊடகம் காய்ச்சியபோது, உப்பு தாங்காமல் இழைச் செல்கள் குட்டையாகி, உருண்டு, சுவர் தடித்துப்போயின. அப்சிசிக் அமிலம் என்னும் ஹார்மோனைக் கொடுத்தாலும் மாஸ்கள் இவ்வாறே மாறி வறட்சியைத் தாங்குகின்றன என்பதால், அந்தத் தட்டை மட்டும் எறியாமல் வைத்திருக்கிறேன்.

இந்த மொட்டுக்குள் மரபணு அளவில் நடப்பதை ஃபுனேரியாவின் உறவான ஃபிஸ்கோமிட்ரெல்லாவில்தான் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். அதன் மரபணுத்தொகுதி 2008இல் வெளியானது. அதில் ஏ.பி.பி. என்னும் நான்கு மரபணுக்கள் உள்ளன. நான்கையும் நீக்கினால் இழைகள் படரும், ஆனால் இலைச்செடி தோன்றாது. எவ்வளவு சைட்டோகைனின் கொடுத்தாலும் பயனில்லை. அந்த மரபணுக்களைத் தூண்டுவதில் ஆக்சின் என்னும் இன்னொரு ஹார்மோனுக்குப் பங்குண்டு. முதலில் படரும் இழையான குளோரோனீமாவைக் காலோனீமாவாக மாற்றுவதும் அதே ஆக்சின்தான். ஆகவே, குறுக்குச்சுவர் சாய்ந்த காலோனீமா இழைகள் நிறையத் தெரியும் வரை சைட்டோகைனினைத் தொடாமல் இருப்பது நல்லது. என் மூன்றாம் முயற்சி வென்றதற்கு அந்தக் காத்திருப்பும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

எட்டாம் தட்டின் மற்ற மொட்டுகள் இலை விடுவதற்குள்ளாகவே மனம் இனப்பெருக்கத்துக்குத் தாவிவிட்டது. ஃபிஸ்கோமிட்ரெல்லாவில் ஆண் உறுப்பான ஆந்திரீடியமும் பெண் உறுப்பான ஆர்க்கிகோனியமும் தோன்ற, ஏறத்தாழ 15 பாகை வெப்பமும் நாளுக்கு 8 மணிநேர ஒளியும் தருகிறார்கள். மார்கழி இரவிலும் மண்டபத்தில் அந்தக் குளிருக்கு வழியில்லை. பழைய சிறு குளிர்பெட்டி ஒன்றில் வெப்பக் கட்டுப்படுத்தியைப் பொருத்தலாம் என்று நினைத்து, இராமநாதபுரத்தில் இரண்டு கடைகளில் விலை விசாரித்திருக்கிறேன். கருவுறுதலுக்குப் பின் வரும், வித்துகளைத் தரும் வித்தகத் தாவரம்தான் என் உண்மையான ஆசை. நாக்ஸ்2 மரபணுக்களை நீக்கினால், கருவுற்ற முட்டையிலிருந்து உருவாகும் கருவில் வித்தகத் தாவரத்துக்குப் பதிலாக இழையுடலே முளைக்கும் என்று 2013இல் காட்டினார்கள். பெல்1 மரபணுவை மிகையாக இயக்கினால், கருவுறாமலேயே இழையிலிருந்து வித்தகத் தாவரம் கிளம்பும் என்பது 2016இல் வந்த முடிவு. வீட்டில் மரபணுவை வெட்ட என்னால் ஆகாது. குளிரைக் கொடுத்துப் பார்க்க ஆகும்.

அதற்குமுன் எட்டாம் தட்டில் மீதமிருக்கும் பதினொரு மொட்டுகளையும் ஞாயிறன்று புதிய தட்டுக்கு மாற்ற வேண்டும். தீயில் காட்டித் தேறிய செல்லோபேனில் இன்னும் மூன்று வட்டங்கள்தான் கைவசம் உள்ளன.