சளியோட பிளைட்ல ஏறுன கதை

போன மாசம் பிளைட்ல வந்தப்போ இடது காது அடைச்சுக்கிச்சு, முழுசா நாலு நாள் திறக்கவே இல்ல. கிளம்பும்போது லேசா சளி இருந்துச்சு, இதுக்குப் போய் யாராச்சும் டிக்கெட்ட கேன்சல் பண்ணுவாங்களான்னு ஏறிட்டேன். மேல ஏறும்போது டப்பு டப்புன்னு ரெண்டு சத்தம், அவ்ளோதான், நிம்மதியா தூங்கிட்டேன். அதுதான் நான் பண்ண தப்பு. முழிச்சதே காதுக்குள்ள ஊசி குத்துற வலிலதான், பாத்தா பிளைட் பாதி இறங்கியிருக்கு.

பதறிப்போய் மூக்க பொத்திக்கிட்டு ஓங்கி ஊதுனேன், காது திறக்கல, தலை சுத்துனதுதான் மிச்சம். ஏர்ஹோஸ்டஸ் பாவம், பேப்பர் கப்புக்குள்ள சூடா நனைச்ச டிஷ்யூ வெச்சு காதுல மூடிக்க குடுத்தாங்க. இதமா இருந்துச்சு, ஆனா அடைப்பு அப்படியேதான் இருந்துச்சு. (சூட்டுத் தண்ணி காதுக்குள்ள சொட்டாம பாத்துக்கோங்க, அது வேற வம்பு.)

அப்புறம் ஈஎன்டி டாக்டர் படம் போட்டு சொன்னப்பதான் புரிஞ்சுச்சு. நடுக்காதுலேந்து மூக்குக்குப் பின்பக்கம் வரைக்கும் சுமார் 35 மில்லிமீட்டர் நீளத்துக்கு யூஸ்டேஷியன் டியூப்னு ஒண்ணு போகுது. பிளைட் 35,000 அடில பறந்தாலும் உள்ள இருக்கற காத்தழுத்தம் 6,000லேந்து 8,000 அடி மலை மேல நிக்கற மாதிரிதான் இருக்கும். ஏறும்போது காதுக்குள்ள இருக்கற காத்து விரிஞ்சு தானா வெளிய போயிடுது, ஆனா இறங்கும்போது வெளிய அழுத்தம் கூடிக்கிட்டே வரும், செவிப்பறை உள்பக்கமா இழுபடும், அப்போ காத்து உள்ள போகணும்னா நாமதான் எச்சில் முழுங்கியோ கொட்டாவி விட்டோ அந்த டியூப திறக்கணும். தூங்குறவன் எங்க முழுங்கறான்? அதுல சளி வேற சேந்தா டியூபே வீங்கிக்கிடும், அழுத்த வித்தியாசம் ரொம்ப ஏறிடுச்சுன்னா அது ஒட்டிக்கிட்டு அப்புறம் எவ்ளோ முழுங்குனாலும் திறக்காதாம்.

அதனால வலி வந்தப்புறம் ஆரம்பிச்சா லேட். இறங்க ஆரம்பிச்ச உடனேயே, அதாவது லேண்டிங்குக்கு சுமார் அரை மணி நேரம் முன்னாடியே, சும்மா சும்மா முழுங்கிக்கிட்டே இருக்கணும், மிட்டாய் சப்பலாம், பபுள்கம் மெல்லலாம். மூக்க பொத்திட்டு ஊதுறதுக்கு வல்சால்வான்னு பேரு, 1704ல காதப் பத்தி புக்கு போட்ட இத்தாலி டாக்டரோட பேரு அது. மெதுவா ஊதணும், நான் ஊதுன மாதிரி இல்ல. எனக்கென்னவோ மூக்க பொத்திட்டு எச்சில் முழுங்கறதுதான் நல்லா வேலை செய்யுது. மூக்கடைப்பு ஸ்ப்ரே இறங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அடிச்சுக்கலாம்னாரு, பிபி இருக்கறவங்க மட்டும் கேக்காம அடிக்காதீங்க. கைக்குழந்தைக்கு அந்த நேரத்துல பால் குடுத்தா போதும், அதுவும் முழுங்கறதுதானே.

அந்த நாலு நாளும் பேசுனா என் குரல் எனக்கே பானைக்குள்ளேந்து கேக்கற மாதிரி இருந்துச்சு. கடைசில அஞ்சாவது நாள் காலைல பல்லு விளக்கும்போது ஒரு கொட்டாவி, டக்குனு ஒரு சத்தம், பைப்புல தண்ணி கொட்டுறது அவ்ளோ சத்தமா கேட்டுச்சு.