கதை முடிந்ததும் கேள்வி கேட்காதீர்கள்

சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகள் பலவற்றில் காலைக் கூட்டத்துக்கு முன் சிறிது நேரம் மௌன வாசிப்பு நடக்கும். பிள்ளைகள் மண்டபத்தில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு கதைப்புத்தகத்தை எடுத்துப் பிரித்துக்கொள்வார்கள். தாய்மொழிக்கு ஒதுக்கிய நாளில் தமிழ்ப் புத்தகம். தமிழாசிரியர் என்பதால், பக்கங்கள் திரும்புகின்றனவா என்று அன்று என் கண் தானாகத் தேடும். சிலரிடம் திரும்பவே திரும்பாது. சிலரிடம் படபடவென்று திரும்பும். படம் மட்டும் பார்க்கிறார்கள் என்று பொருள். நான் தொந்தரவு செய்வதில்லை. படம் பார்ப்பவன் எப்படியும் புத்தகத்துக்குள்தான் இருக்கிறான்.

"தமிழ்ப் புத்தகத்த எடுத்தாலே ஓடுறான் டீச்சர், என்ன செய்றது?" பெற்றோர் சந்திப்பில் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி இது. வீட்டில் என்ன படிக்கிறான் என்று திருப்பிக் கேட்பேன். பயிற்சிப் புத்தகம், கருத்தறிதல் தாள், துணைப்பாட ஆசிரியர் கொடுத்த சொல்வளப் பட்டியல். கதை என்று ஒன்று அதில் இருக்காது. தாளைப் பார்த்து ஓடுகிற பிள்ளையைப் புத்தகத்தைப் பார்த்து ஓடுகிறான் என்று நினைத்துக்கொள்கிறோம்.

வீட்டுச் சூழலும் மாறிவிட்டது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்றவர்கள் 48.3 விழுக்காடு, தமிழ் என்றவர்கள் 2.5 விழுக்காடு. பத்தாண்டுகளுக்கு முன் தமிழ் 3.3 விழுக்காடாக இருந்தது. ஆனால் வீட்டில் நன்றாகத் தமிழ் பேசும் பிள்ளைகளும் புத்தகத்தில் தடுக்கி விழுவதைப் பார்க்கிறேன். "பாட்டி கடைக்குப் போனாங்க" என்று கேட்டு வளர்ந்தவள், "பாட்டி அங்காடிக்குச் சென்றார்" என்ற வரியில் நின்றுவிடுகிறாள். தெரிந்த பாட்டிதான், ஆனால் யாரோ போல் இருக்கிறார். பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் இடம் வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு வலியுறுத்தியது. வாய்மொழித் தேர்வுக்கு மட்டுமல்ல, கதைப்புத்தகத்துக்கும் அது பொருந்தும் என்பது என் கருத்து.

அதனால் தொடக்கநிலை ஒன்றில், அதாவது முதல் வகுப்பில், ஒரு கதையை முதல் நாள் வாசிப்பதில்லை, சொல்கிறேன். படத்தைக் காட்டி, வீட்டில் பேசுகிற தமிழில், குரலை ஏற்றி இறக்கி. நடுவில் யாராவது ஆங்கிலத்தில் குறுக்கிட்டால் அதையும் கதைக்குள் இழுத்துக்கொள்வேன். மறுநாள் அதே புத்தகத்தை அச்சில் உள்ளபடியே வாசிப்பேன். என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துவிட்டதால் 'சென்றார்' யாரையும் மிரட்டுவதில்லை. ஒருமுறை நீர்நாய்க் கதை ஒன்று சொன்னபோது, பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் நீர்நாய்க் குடும்பத்தை நேரில் பார்த்த பையன் எழுந்து நின்று அவை மீன் தின்னும் சத்தத்தை நடித்துக் காட்டினான். வகுப்பே மென்று தின்னத் தொடங்கிவிட்டது. அடுத்த வாரம் அந்தப் புத்தகத்துக்குச் சண்டை. கிணறும் மாட்டுவண்டியும் வரும் கதைகளை நான் ஒதுக்குவதில்லை. ஆனால் மின்தூக்கியும் அடுக்குமாடிக் கீழ்த்தளமும் வரும் கதைகள் முதலில் வந்தால் என் வேலை பாதியாகக் குறைகிறது.

இனி நான் கொஞ்சம் பிடிவாதமாக இருக்கும் விஷயம். கதை முடிந்த கையோடு, "இந்தக் கதையிலிருந்து நீ கற்ற பாடம் என்ன?" என்று கேட்கும் பழக்கம் நம் ஆட்களிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அதோடு ஒரு வாசிப்புக் குறிப்பேடு: தலைப்பு, ஆசிரியர், ஐந்து புதிய சொற்கள், நீதி. படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவரிடம் யாராவது தாளை நீட்டி ஐந்து சொல் எழுதச் சொன்னால் அடுத்த படத்துக்கு வருவாரா? என் வகுப்பில் அந்தக் குறிப்பேடு கிடையாது. அப்படியானால் படித்தார்கள் என்பதற்கு என்ன சான்று என்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. இரண்டாவது புத்தகம் கேட்டு வருகிறார்களே, அதுதான் என்பேன். 2019 முதல் தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் மதிப்பெண்ணுக்கான தேர்வுகள் இல்லை. அப்படிக் கிடைத்த நேரத்தைப் பயிற்சித்தாளால் நிரப்புவது எனக்குப் புரியவில்லை.

தேசிய நூலக வாரியம் 2004இல் தொடங்கிய 'கிட்ஸ்ரீட்' திட்டத்தில் தொண்டூழியர்கள் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறார்கள். அதில் எனக்குப் பிடித்தது, பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க ஒரு பெரியவர் இருக்கிறார் என்பது. பள்ளியில் இதைச் செலவில்லாமல் செய்யலாம். பெரும்பாலான பள்ளிகளில் தமிழ் மாணவர்கள் குறைவு. சில வகுப்புகளில் பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள். அதுவே வசதி. தொடக்கநிலை ஐந்து மாணவர்களைத் தொடக்கநிலை ஒன்றுக்கு அழைத்து வந்து ஆளுக்கொரு தம்பி, தங்கையோடு உட்காரவைத்தேன். தமிழ் வாசிக்கக் கூச்சப்படும் அண்ணன்கள், சின்னவன் முன் தடுமாறக் கூடாதே என்று முதல் நாளே வீட்டில் வாசித்துப் பார்த்துவிட்டு வந்தார்கள். யாருக்கு அதிகப் பயன் என்று கேட்டால், பெரியவர்களுக்குத்தான்.

வீட்டில்? இரவு எட்டு மணிக்கு எம்ஆர்டி ரயிலில் நின்றபடி திரும்பும் பெற்றோரிடம் தினமும் அரை மணி நேரம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. படுக்கப் போகும்முன் ஐந்து நிமிடம் போதும். பாட்டி தமிழ்நாட்டில் இருந்தால் காணொளி அழைப்பில், "சாப்டியா, படிச்சியா" முடிந்ததும் ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். பள்ளியில் மலாய் படித்ததால் தமிழ் எழுத்து தெரியாத அப்பா ஒருவர், தன்னால் என்ன முடியும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். சொற்களே இல்லாத படப்புத்தகம் ஒன்றைக் கொடுத்து, வாய்க்கு வந்ததைத் தமிழில் சொல்லுங்கள் என்றேன். அவர் சொன்ன கதையில் யானை கோப்பிக்கடைக்குப் போய்த் தே தாரிக் என்னும் நுரை பொங்க ஆற்றிய தேநீர் குடித்ததாம். மகள் மறுநாள் வகுப்பில் முழுக்கதையையும் ஒப்பித்தாள்.

அப்புறம் நூலகம். அங்கே புத்தகத்தைப் பிள்ளையே எடுக்கட்டும். போன முறை எடுத்ததையே மறுபடியும் எடுத்தால், "இதத்தான் படிச்சிட்டியே" என்று பிடுங்கி வைக்காதீர்கள். மனப்பாடமாகத் தெரிந்த கதையில்தான் எந்த எழுத்துக்கு எந்த ஒலி என்று பிள்ளை நிதானமாகப் பொருத்திப் பார்க்கிறது. உங்களுக்குப் பிடித்த புத்தகம் வேண்டுமானால் உங்கள் அட்டையில் எடுத்துக்கொள்ளுங்கள்.