விலைப்பட்டியலில் விடுபடும் செலவுகள்

2016 செப்டெம்பரில் 36 ரஃபேல் போர்விமானங்களுக்கு இந்தியா பிரான்சுடன் ஒப்பந்தம் செய்தபோது, ஒரே விமானத்துக்கு இரண்டு விலை பேசப்பட்டது. மொத்தத் தொகையான 787 கோடி யூரோவை 36 ஆல் பிரித்தவர்கள் ஒன்று 22 கோடி என்றார்கள். வெறும் விமானத்தை மட்டும் பார்த்தவர்கள் 9 கோடி சொச்சம் என்றார்கள். இரண்டும் சரியான கணக்கு. இடையில் நிற்கும் 12 கோடிக்குள் ஏவுகணைகள், இந்தியா தனக்கென்று கேட்ட மாற்றங்கள், உதிரிப்பாகங்கள், பயிற்சி, தளங்களுக்கான வசதிகள், விமானங்களில் 75 வீதம் எந்நேரமும் பறக்கத் தயாராய் இருக்கும் என்று விற்றவர் கொடுத்த உத்தரவாதம் எல்லாம் இருந்தன. ஆதரித்தவர்கள் சின்ன எண்ணைச் சொன்னார்கள், எதிர்த்தவர்கள் பெரிய எண்ணைச் சொன்னார்கள். ஒப்பந்தத்தின் வரிகளை வாசித்தவர்கள் இரண்டு பக்கத்திலும் குறைவு.

சகடை, சியாமாச்செட்டி, புக்காரா, சுப்பர்சொனிக், கிபிர், மிக் என்று சத்தத்தை வைத்தே விமானத்தை இனம் பிரித்த ஊர் யாழ்ப்பாணம். அவை எந்தக் காசில், யாரிடமிருந்து, என்ன நிபந்தனையில் வந்தன என்று கேட்கும் உரிமை எங்களுக்கு மற்ற எவரையும் விடக் குறைந்ததல்ல. அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்பதற்கு, பராமரிப்புத் திட்டமிடுபவரின் மேசையில் இருந்து கணக்கைத் தொடங்குவது நல்லது.

ஒற்றை இயந்திரப் போர்விமானங்கள் 12 வாங்குவதாக வைப்போம். விமானி கை மறவாமல் இருக்க, விமானம் ஒன்று வருடத்துக்கு 150 மணித்தியாலமாவது பறக்கவேண்டும். மொத்தம் 1,800 மணித்தியாலம். பழைய சோவியத் வடிவமைப்பு இயந்திரங்களைச் சில நூறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை முழுதாகக் கழற்றிப் புதுப்பிக்கவேண்டும். 300 என்று எடுத்தால் வருடத்துக்கு ஆறு இயந்திரங்கள் வெளிநாட்டுத் தொழிற்சாலைக்குப் போகும். பெட்டியில் அடைத்து, ஏற்றுமதி அனுமதி எடுத்து, கப்பலேற்றி, வேலை முடிந்து திரும்ப எட்டு மாதம் பிடித்தால் எந்த நாளிலும் நான்கு இயந்திரங்கள் நாட்டில் இல்லை. ஆகவே 12 விமானங்களுக்குக் குறைந்தது 16 இயந்திரங்கள் வேண்டும். காசைக் குறைக்க வேண்டிய இடத்தில் முதலில் வெட்டப்படுவது இந்த மேலதிக நான்குதான். வெட்டினாலும் விமானங்களின் எண்ணிக்கை பத்திரிகையில் அப்படியே இருக்கும், அதனால் யாரும் கவனிப்பதில்லை.

இரண்டாம் வருடத்தில் அதன் விளைவு தெரியும். ஒரு விமானத்தில் கழற்றி இன்னொன்றில் போடத் தொடங்குவார்கள். ஒரு பாகத்துக்கு ஒரு தடவை செய்யவேண்டிய வேலை இரண்டு தடவையாகும். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் இணைப்பிகளின் ஊசி வளையும், குழாய்களின் தலைப்பு தேயும், நல்லாயிருந்த கசிவுத்தடுப்பு வளையம் கிழியும். பாகங்கள் கழற்றப்பட்டுக் கொட்டகையின் மூலையில் நிற்கும் விமானம் பிறகு எழும்புவது அரிது. பதிவேட்டில் மட்டும் அது 12 இல் ஒன்றாகவே தொடரும்.

பறந்தாலும் பறக்காவிட்டாலும் தீர்ந்துபோகும் பொருட்களும் இருக்கின்றன. விமானியை இருக்கையோடு வெளியே வீசும் வெடிமருந்துக் குப்பிகளை எடுத்துக்கொள்வோம். செய்த திகதியில் இருந்து ஓர் ஆயுள், இருக்கையில் பொருத்திய திகதியில் இருந்து இன்னோர் ஆயுள். எது முதலில் முடிகிறதோ அன்றைக்கு மாற்றவேண்டும். பட்டியலில் சின்ன வரி இது. ஆனால் வெடிபொருள் என்பதால் சாதாரண சரக்கு விமானத்தில் ஏற்றமாட்டார்கள். விற்கும் நாட்டின் ஏற்றுமதி அனுமதியும் பொருளை வேறெவருக்கும் கைமாற்றமாட்டோம் என்று வாங்கும் அரசு கொடுக்கும் இறுதிப் பாவனையாளர் சான்றிதழும் வேண்டும். ஒரு கையொப்பம் பிந்தினால் பல கோடி பெறுமதியான விமானம் தரையில் நிற்கும். இதற்கான கோரிக்கையைத் திகதி முடிய ஒன்றரை வருடத்துக்கு முன்பே போடச் சொல்வது வெறும் எச்சரிக்கையுணர்வால் அல்ல.

யாழ்ப்பாணத்துப் பலாலி போன்ற கடலோர ஓடுதளங்களில் இன்னொரு செலவு இருக்கிறது. இயந்திரத்துக்குள் காற்றை அமுக்கும் பகுதியான அமுக்கியின் தகடுகளில் உப்புப் படியும், அதைக் கிரமமாகக் கழுவவேண்டும். கழுவும் நீர் கனிமம் நீக்கியதாக இருக்கவேண்டும். பலாலி இருக்கும் வலிகாமத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புப் பாறைக்குள்ளால் ஊறி வருவது. கேத்தில் அடியில் வெள்ளையாகப் பிடிக்கும் படிவை வீட்டில் எல்லோரும் சுரண்டியிருப்பார்கள். அதே நீரால் அமுக்கியைக் கழுவினால் உப்பு போன இடத்தில் சுண்ணாம்பு ஒட்டும், காற்றோட்டம் குறையும், எரிபொருள் கூடும், இயந்திரம் சூடேறும். ஆகவே தளத்தில் நீர் சுத்திகரிக்கும் அலகு, அதில் கனிமங்களைப் பிடித்தெடுக்கும் பிசின், பரிசோதனைக் கருவி, மின்பிறப்பாக்கி எல்லாம் வேண்டும். எந்த அமைச்சரவைப் பத்திரத்திலும் இப்படியான வரிகள் தலைப்பாக வருவதில்லை.

இயந்திரம் அரசியலையும் கூடவே கொண்டுவரும். கிபிர் இஸ்ரேலின் விமானம் என்றாலும் அதற்குள் இருப்பது அமெரிக்க ஜே79 இயந்திரம். 1977 இல் இஸ்ரேல் அதை ஈக்குவடோருக்கு விற்க முயன்றபோது ஜிம்மி காட்டர் அரசு மறுத்தது, விற்பனை நின்றது. பாகிஸ்தானுக்கு நடந்தது இதைவிடக் கசப்பானது. 28 எஃப்-16 விமானங்களுக்குக் காசு கட்டிக்கொண்டிருந்த வேளையில், 1990 இல் அணுவாயுதக் காரணத்தால் அமெரிக்கச் சட்டம் அவற்றைத் தடுத்துவிட்டது. கணக்கைத் தீர்க்க 1998 டிசெம்பர் வரை போயிற்று. மீண்டது பணமாக ஒரு பகுதி, கோதுமை உள்ளிட்ட பொருளாக ஒரு பகுதி. நாளைக்கு விற்றவரோடு பிணக்கு வந்தால் என்ன நடக்கும் என்பது வாங்கும்போதே எழுதப்படவேண்டிய செலவு.

பாவித்த விமானத்தை வாங்குவதில் ஆபத்து வேறு விதமானது. இலங்கை 2000 இல் உக்ரேனிடம் மிக்-27 விமானங்கள் வாங்கியது, 2006 இல் மேலும் நான்கு. இரண்டாவது கொள்வனவில் விமானமொன்றின் விலை கூடியிருந்தது. பணம் நேரே உக்ரேன் அரச நிறுவனத்துக்குப் போகாமல் பிரித்தானியாவில் பதிவான இன்னொரு நிறுவனத்துக்குப் போனது ஏன் என்ற கேள்வி பத்திரிகைகளில் எழுந்தது, 2015 இற்குப் பின் பொலிஸ் விசாரணைக்கும் உள்ளானது. வழக்கின் முடிவு நீதிமன்றத்துக்குரியது. கோப்பைப் பார்ப்பவருக்கு நான்கு தாள்கள் போதும்: விமானச் சட்டகத்திலும் இயந்திரத்திலும் மீதமுள்ள மணித்தியாலமும் வருடமும், ஆயுளை நீட்டித்தது தயாரிப்பாளரா வேறு தொழிற்சாலையா என்ற சான்று, விற்பவருக்கு விற்கும் அதிகாரம் தந்த கடிதம், வங்கி பணம் கொடுப்பதற்கான நாணயக் கடிதத்தில் பணம் பெறுபவரின் பெயர். ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டவர் ஒருவர், பணம் பெறுபவர் இன்னொருவர் என்றால் கோப்பை அந்த இடத்தில் மூடி வைக்கவேண்டும். அரசுக்கு அரசு என்று முகப்பில் எழுதியிருப்பது அதற்குப் பதிலாகாது.

2021 இல் ஐந்து கிபிர்களைப் புதுப்பிக்க இஸ்ரேல் நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தம் ஏறத்தாழ 5 கோடி டொலர். அன்றைக்கு டொலர் 200 ரூபா, அதாவது 1,000 கோடி ரூபா. அடுத்த வருடம் நாடு கடனைத் திருப்பிக் கட்ட முடியாதென அறிவித்து, டொலர் 360 ஐத் தொட்டபோது அதே தொகை 1,800 கோடி. தவணைமுறையில் கட்டும் ஒப்பந்தங்களில் மிச்சத் தவணைகள் எல்லாம் இப்படித்தான் வீங்கும். மருந்துக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற வருடம் அது.

எங்கள் உறவுகள் வரி கட்டும் நாடுகளிலும் இதே சிக்கல் உண்டு, ஆனால் அங்கே கணக்கு வெளியில் வருகிறது. 2010 இல் அமெரிக்காவின் எஃப்-35 போர்விமானங்கள் 65 இற்கு 900 கோடி கனேடிய டொலர் என்றது கனடா அரசு. பாராளுமன்ற வரவுசெலவு அலுவலர் 2011 இல் 2,900 கோடி என்றார். 2012 டிசெம்பரில் கணக்காய்வு நிறுவனமான கேபிஎம்ஜி 42 வருடக் கணக்காக 4,580 கோடி என்றது. விமானம் மாறவில்லை, எண்ணிய வருடங்களும் செலவினங்களும்தான் மாறின. பழைய திட்டம் கைவிடப்பட்டு 2023 இல் 88 விமானங்கள் 1,900 கோடிக்கு அறிவிக்கப்பட்டன. 2025 இல் கணக்காய்வாளர் நாயகம் அது 2,770 கோடியாகிவிட்டது என்றார்.

சுவிஸில் மக்களே வாக்களித்தார்கள். 2014 இல் சுவீடனின் கிரிப்பன் போர்விமானத்தை நிராகரித்தார்கள். 2020 செப்டெம்பரில் புதிய போர்விமானங்களுக்கான 600 கோடி பிராங்குக்கு 50.1 வீதத்தால் இணங்கினார்கள். தெரிவான 36 எஃப்-35 களுக்கு நிலையான விலை என்று அரசு உறுதி சொன்னது. 2025 இல் அமெரிக்கா அப்படி ஒன்று இல்லை என்றது, மேலதிகம் நூறு கோடி பிராங்கையும் தாண்டக்கூடும் என்று அப்போது கணிக்கப்பட்டது. அமெரிக்க அரசினூடான விற்பனையின் பொது நிபந்தனையில், விற்பனை ஒப்புதல் கடிதத்தில் உள்ள விலை ஒரு மதிப்பீடு, இறுதியில் உண்மையான செலவை வாங்குபவர் கட்டவேண்டும் என்று இருக்கிறது. அந்த வாசகத்தை அறிந்தவர்களுக்கு இந்தச் செய்தி பெரிய அதிர்ச்சியாக இருந்திராது.

கனடாவில் உள்ளதுபோல இலங்கையிலும் பாராளுமன்ற வரவுசெலவுத்திட்ட அலுவலகத்துக்கான சட்டம் 2023 இல் நிறைவேறியது. கிபிருக்கு மாற்று தேடும் நாள் ஒன்று வரும். அதற்கான கொள்வனவுப் பத்திரம் சபைக்கு வரும்போது வடக்கின் உறுப்பினர்கள் அந்த அலுவலகத்திடம் கேட்கக்கூடியவை தெளிவானவை: வருடத்துக்கு எத்தனை மணித்தியாலப் பறப்பு, மேலதிக இயந்திரம் எத்தனை, முப்பது வருடச் செலவு எவ்வளவு, டொலர் என்ன மாற்றுவிகிதத்தில் கணிக்கப்பட்டது, எந்த நாட்டின் அனுமதி இல்லாவிட்டால் விமானம் நிற்கும், பணம் யாருடைய கணக்குக்குப் போகிறது. பதில்கள் கையெழுத்துக்கு முன் மூன்று மொழிகளிலும் வெளியிடப்படவேண்டும்.