ஃபிரண்ட் எண்ட் டெவலப்பர் தேவை

எங்கள் திட்டத்துக்கு ஃப்ரீலான்ஸ் முறையில் பணியாற்ற ஒரு ஃபிரண்ட் எண்ட் டெவலப்பரை, அதாவது இணையதளத்தில் பயனரின் கண்ணில் படும் பகுதியை உருவாக்குபவரை, தேடுகிறேன். வடிவமைப்பு ஃபிக்மா என்ற வரைகருவியில் தயார். சர்வர் பக்க வேலையை இன்னொருவர் பார்த்துக்கொள்கிறார்.

தளம் கட்டப் பயன்படும் நிரல் தொகுப்பு ரியாக்ட்டா, வியூவா என்பது எனக்கு இரண்டாம்பட்சம். பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் எச்டிஎம்எல்லும் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸும் கைவந்தவராக இருக்க வேண்டும். சுயவிவரக் குறிப்பை விட, நீங்கள் செய்த தளம் ஒன்றின் முகவரியே எனக்கு முக்கியம். அதைத் திறந்ததும் மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, டேப் விசையை மட்டும் அழுத்திப் பார்ப்பேன். எந்தப் பொத்தானில் நிற்கிறேன் என்பது கண்ணுக்குத் தெரிகிறதா? படிவத்தை நிரப்பி அனுப்பும் வரை போக முடிகிறதா? பிறகு சாளரத்தை 320 பிக்சல் அகலத்துக்குச் சுருக்குவேன். பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க முடிய வேண்டும். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து அழகாகத்தான் இருக்கிறது. பார்வை மங்கியவர் அதை எப்படிப் படிப்பார்? மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்த வழிசெய்யும் அணுகல்தன்மை நெறிமுறைகள், சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு கேட்கின்றன. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முக்கிய உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் திரைக்கு வர வேண்டும் என்ற கூகுளின் அளவுகோலும் உண்டு.

இலவசமாக மாதிரி வேலை கேட்க மாட்டேன். அது உழைப்பைச் சுரண்டுவது. சிறிய பக்கம் ஒன்றைத் தருவேன், அதற்கும் ஊதியம் உண்டு. எத்தனை முறை திருத்தம், எந்தெந்த உலாவிகள், நிரலின் உரிமை யாருக்கு என்பவை எல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கும். முன்பணம் தந்த பிறகே வேலை தொடங்கும்.

விருப்பமுள்ளவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். தெரிந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள்.