முதலுதவிப் பெட்டி இருக்கும் அறை

நான் வேலை பார்த்த பள்ளிகளில் மனநல ஆலோசகருக்கு ஒதுக்கிய அறை பெரும்பாலும் தலைமையாசிரியர் அறையை ஒட்டியே இருந்தது. கௌரவமான இடம் என்று நினைத்துத்தான் தருகிறார்கள். ஆனால் அந்த வராந்தாவில் ஒரு பிள்ளை நின்றால், கட்டண பாக்கி அல்லது ஏதோ தகராறு என்றுதான் போகிறவர் வருகிறவர் நினைப்பார்கள். அங்கே வந்து கதவைத் தட்ட எந்தப் பத்தாம் வகுப்புப் பையன் துணிவான்?

யுனிசெஃப் 2021-இல் வெளியிட்ட அறிக்கையில் ஒரு கணக்கு உண்டு. மனநலப் பிரச்சினைக்கு உதவி நாடுவது நல்லது என்று சொன்னவர்கள், 15 முதல் 24 வயதுள்ள இந்தியர்களில் 41 சதவீதம். 21 நாடுகளின் சராசரியோ 83 சதவீதம். இதைக் காட்டினால் விழிப்புணர்வு போதவில்லை என்று முடிவுகட்டி, உடனே பேனர் கட்டிக் கூட்டம் போட்டுவிடுவார்கள். எனக்கு அதில் அவ்வளவாக உடன்பாடில்லை. மன அழுத்தம், பதற்றம் என்றெல்லாம் எட்டாம் வகுப்பே சரளமாகப் பேசுகிறது. பிள்ளைகள் யோசிப்பது வேறு: சொன்னால் அது எங்கே போய்ச் சேரும்?

அந்தப் பயத்தைப் பள்ளிதான் கற்றுக்கொடுக்கிறது. "இன்னொரு முறை பேசினால் கவுன்சலிங்குக்கு அனுப்பிவிடுவேன்" என்று ஓர் ஆசிரியர் வகுப்பில் மிரட்டிவிட்டால், காலை வழிபாட்டில் நான் பேசியதெல்லாம் வீண். அடுத்தது ஆசிரியர் ஓய்வறை. ஒரு மாணவியின் வீட்டுக் கவலை மதியச் சாப்பாட்டில் ஊறுகாய் பாட்டிலைப் போல மேசையைச் சுற்றி வந்துவிடும். பேசுகிறவர்கள் பொல்லாதவர்கள் அல்லர், அக்கறையில்தான் பேசுகிறார்கள். ஆனால் பிற்பகலில் ஓர் ஆசிரியை அந்தப் பெண்ணிடம் வழக்கத்துக்கு மாறாகக் கனிவு காட்டினாலே வகுப்புக்கு விஷயம் புரிந்துவிடும். அதன் பிறகு அந்த வகுப்பிலிருந்து யாரும் என்னைத் தேடி வருவதில்லை.

ஒரு பள்ளியில் இடப் பற்றாக்குறையால் நூலகத்தின் பின்புறமிருந்த சிறிய அறைக்கு என்னை மாற்றினார்கள். முதலுதவிப் பெட்டியும் அங்கேதான் இருந்தது. அது பெரிய அனுகூலமாகிவிட்டது. தலைவலிக்குத் தைலமோ சிராய்த்த முழங்காலுக்குப் பிளாஸ்டரோ கேட்டு வருவதில் யாருக்கும் கூச்சமில்லை. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வந்து விரலில் பிளாஸ்டர் ஒட்டச் சொன்னான். தேடிப் பார்த்தும் காயம் தெரியவில்லை. ஒட்டிவிட்டேன். அதன் ஓரத்தை நகத்தால் நெருடிக்கொண்டே உட்கார்ந்திருந்தவன், மணி அடித்ததும் எழுந்து, "மிஸ், இங்கே ஏதாவது சொன்னால் அப்பாவுக்கு போன் போகுமா?" என்றான்.

சில விஷயங்களுக்குப் போகும் என்றேன். பாலியல் துன்புறுத்தல் என்றால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் தெரிவித்தே ஆக வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றாலும் மறைக்க முடியாது. மற்றவை என்னைத் தாண்டிப் போகாது. யார் வந்தாலும் பேச்சைத் தொடங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன். எதையும் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு போனை எடுக்கிறவர்களைப் பிள்ளைகள் மன்னிப்பதில்லை. எல்லை தெரிந்துவிட்டால், எதுவரை பேசலாம் என்பதை அவர்களே முடிவு செய்துகொள்கிறார்கள். அந்தப் பையன் அன்று எதுவும் சொல்லவில்லை. அடுத்த வாரம் வேறொரு விரலைக் காட்டிக்கொண்டு வந்தான்.

அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸ் 2022 அக்டோபரில் தொடங்கியது. 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். அந்த எண்ணைக் கொட்டை எழுத்தில் அச்சிட்டு, எங்கள் பள்ளியில் ஆசிரியர் ஓய்வறைக்கு எதிரே ஒட்டினார்கள். அங்கே நின்று அதைக் குறித்துக்கொள்ளும் மாணவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. கழிப்பறைக் கதவுகளின் உட்புறம் ஒட்டலாமே என்றேன். பார்க்கிறவர்கள் பள்ளியைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று நிர்வாகம் தயங்கியது. பேசிப் பேசி, மாணவர் கையேட்டில் கால அட்டவணைக்குக் கீழே அச்சிட ஒப்புக்கொண்டார்கள். பிளஸ் டூ மாணவர்களுக்குச் சிறப்பு வகுப்புகளுக்கு நடுவே வாரம் ஒரு பீரியடாவது விடுங்கள் என்றும் கேட்டிருக்கிறேன். அரையாண்டுத் தேர்வு முடியட்டும் என்கிறார்கள். அவர்கள் பேச வரவேண்டியதே அந்தத் தேர்வுக்கு முன்னால்தான்.